எந்த ஆண்டு வண்டி, எந்த ஊர் மண்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியான பான்சர் 4இன் மாடலை 1/35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) வாங்கியிருக்கிறேன். பெட்டிப் படத்தில் மஞ்சளாக இருக்கிறது. ஜெர்மன் டாங்கி என்றால் சாம்பல்தான் என்று நண்பன் சாதிக்கிறான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரியாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். 1941இல் ரஷ்யாவுக்குள் நுழைந்தவை அடர்சாம்பல். 1943 பிப்ரவரியில் உத்தரவு மாறியது. அதன்பின் தொழிற்சாலையிலேயே அடர்மஞ்சள் பூசினார்கள். ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிக் குழம்பாகக் களத்துக்கு வந்தன. வீரர்களே அவற்றைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து மேலே அடித்தார்கள். அதனால் ஒரு வண்டியின் திட்டு இன்னொன்றில் இருக்காது. உங்கள் மாடலில் நீண்ட பீரங்கிக் குழாயும் பக்கவாட்டில் தொங்கும் மெல்லிய தகடுகளும் இருந்தால் மஞ்சளே பொருத்தம்.

கேள்வி: அமெரிக்க ஷெர்மன் டாங்கி மாடலுக்குச் சரியான ஆலிவ் பச்சையைத்தான் பூசினேன். அலமாரியில் வைத்தால் கறுப்பாகத் தெரிகிறதே?
– வாசகி, ஏற்காடு

பதில்: 1/35 மாடலை ஓர் அடி தூரத்தில் பார்ப்பது, நிஜ வண்டியை 35 அடிக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். நான் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிப்பவன். பட்டறைக்குள் அடர்பச்சையாக இருக்கும் கேபின், வெயிலில் தெருமுனையிலிருந்து பார்த்தால் வெளிறித்தான் தெரியும். உங்கள் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பாருங்கள்: கைக்கெட்டும் இலையின் பச்சை வேறு, அடிவாரத்து மரங்களின் பச்சை வேறு. தூரம் நிறத்தை வெளுக்க வைக்கும். அந்த வெளிறலை நாம்தான் கலந்து கொடுக்க வேண்டும்.

ஆனால் வெள்ளையைக் கலக்காதீர்கள். பச்சை நிறம், சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகிவிடும். அந்த ஆலிவ் பச்சைக்கு அடிப்படையே மஞ்சள் காவியும் கறுப்பும்தான். எனவே வெளிர்மஞ்சள் அல்லது மணல் நிறத்தைச் சேருங்கள். ஐந்து பங்கு பச்சைக்கு ஒரு பங்கில் தொடங்கி, ஒரு பிளாஸ்டிக் துண்டில் தடவிக் காயவிடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் ஒருமுறை, அலமாரி விளக்கடியில் ஒருமுறை பாருங்கள். 1/72 அளவென்றால் இன்னும் வெளிற வேண்டும்.

கேள்வி: 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் அசல் உத்தரில் சண்டையிட்ட நம் செஞ்சூரியன் டாங்கியைச் செய்கிறேன். ஏற்காட்டுச் செம்மண்ணைச் சலித்துத் தூவலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். சேர்வராயன் மலை மண்ணின் சிவப்பு இரும்புச்சத்தால் வந்தது. பஞ்சாப் நிலம் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல். சாம்பல் கலந்த பழுப்பு. நம் மண்ணைத் தூவினால் பார்ப்பவர் கண்ணில் அந்த டாங்கி சேலத்தைத் தாண்டியிருக்காது.

செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த அந்தப் போரில் நம் படை வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. ஆகவே தூசியைவிடச் சேறுதான் முக்கியம். செயின், சக்கரம், அடிப்பகுதியில் அடர்பழுப்பைத் திட்டுத்திட்டாக ஒற்றுங்கள். ஈரச்சேறு தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி. மேல்தளத்தில், வீரர்கள் ஏறி இறங்கும் இடத்தில் காலடி மண் போதும். அந்தக் களத்தில் நின்றவர்களை நினைத்துச் செய்கிறீர்கள். மண்ணாவது அந்த ஊர் மண்ணாக இருக்கட்டும்.

கேள்வி: டாங்கி செயினுக்கு வெள்ளி நிறம் அடிக்கலாமா?
– பள்ளி மாணவர், சூரமங்கலம்

பதில்: கூடாது தம்பி. கறும்பழுப்பு அடித்து நன்றாகக் காயவிடு. தரையில் உரசும் மேடுகளில் மட்டும் 6பி பென்சில் (மென்மையான, கறுத்த ஓவியப் பென்சில்) முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இரும்பின் மினுமினுப்பு வந்துவிடும்.