பாராசிட்டமால் ஏன் பலிக்கவில்லை?

வெயிலில் ஓடிய உங்கள் தம்பிக்கு உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, பாராசிட்டமால் கொடுத்தும் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது காய்ச்சலே அல்ல, வெயிலின் தாக்கம்.

காய்ச்சலில், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் தூண்டுதலால், மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் தானே வெப்ப இலக்கை உயர்த்துகிறது. பாராசிட்டமால் அந்த இலக்கைத்தான் இறக்கும். வெயில் தாக்கும்போது இலக்கு மாறுவதில்லை. வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை, கல்லீரலுக்குத்தான் கூடுதல் சுமை.

செல்களுக்குள் புரதங்கள் உருக்குலையத் தொடங்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அவற்றை மீண்டும் மடித்துச் சீராக்கப் போராடும். அதையும் மீறினால் குடல் சுவர் கசிந்து, பாக்டீரிய நச்சு இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் அழற்சி மூளும். அதனால்தான் உடலைத் தண்ணீரால் உடனே குளிர்விக்க வேண்டும். வெப்பம் ஏறியிருந்தபோது உங்கள் தம்பி குழம்பிப் பேசினாரா? ஆம் என்றால், இப்போது தெளிந்திருந்தாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு தாமதமாகவும் தெரியவரலாம்.