கரோலின் கீன் என்ற பெயரில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் துப்பறியும் கதைகள்தான் என் உலகம். பெண் துப்பறிவாளர் நான்சி ட்ரூ, ஹார்டி சகோதரர்கள், இளம் கண்டுபிடிப்பாளன் டாம் ஸ்விஃப்ட் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவன் நான். என் மகளுக்குப் பத்து வயதானதும் நான்சி ட்ரூவின் முதல் கதையை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். நாலு பக்கத்துக்கு மேல் அவள் தொடவில்லை. சரி என்று நானே படித்தேன். நூலகத்தில் இருந்த கந்தலான பழைய பிரதியில் நான் படித்த கதை இதைவிட நீளம். அதில் நான்சிக்குப் பதினாறு வயது, இதில் பதினெட்டு. என் நினைவு அவ்வளவு மோசமா? இணையத்தில் தேடினால், அட்டையில் எழுத்தாளராகப் போட்டிருக்கும் கரோலின் கீன் என்று ஒருவரே கிடையாதாம்! இத்தனை வருஷமும் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறேன். நமக்கு அறிவியல் ஆர்வத்தை ஊட்டியவை இந்தப் புத்தகங்கள். இன்றைய பிள்ளைகளுக்கோ கைபேசிதான் எல்லாம். மகளை எப்படி இந்த உலகத்துக்குள் கொண்டுவருவது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் அன்று படித்தது 1930இல் வந்த மூலம், இப்போது வாங்கியது 1959இல் திருத்தி எழுதப்பட்டது. அந்த ஆண்டு தொடங்கி நான்சி, ஹார்டி வரிசைகளின் பழைய கதைகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதினார்கள். இருபத்தைந்து அத்தியாயங்கள் இருபதாகச் சுருங்கின, நான்சிக்கு இரண்டு வயது கூடியது. மாற்றியதற்கு நியாயமும் இருந்தது. மூலத்தில் ஏரிக்கரை வீட்டுக் காவலாளியாக வரும் கறுப்பினத்தவரைக் குடிகாரராகவும் கேலிப் பொருளாகவும் எழுதியிருப்பார்கள். அதைத் தூக்கியது சரிதான். கூடவே நான்சியின் துடுக்கையும் வழித்தெடுத்துவிட்டார்கள். உங்கள் மகள் நாலு பக்கத்தில் மூடி வைத்தாள் என்றால் அவள் நல்ல வாசகி.

கைபேசிப் புலம்பலை விடுங்கள். இதே புலம்பலை அன்று இந்தப் புத்தகங்களைப் பற்றியே புலம்பினார்கள். மலிவான தொடர் நாவல்கள் பையன்களின் மூளையைச் சிதறடிக்கின்றன என்று 1914இல் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மாத்யூஸ் ஒரு கட்டுரையே எழுதினார். அறிவியல் ஆர்வமா? டாம் ஸ்விஃப்டின் மின்துப்பாக்கிக் கதையை நினைவில் வைத்துத்தான் ஜாக் கவர் தன் கருவிக்கு டேசர் என்று பெயர் வைத்தார். காவலர்கள் ஆளை வீழ்த்தப் பயன்படுத்துகிறார்களே, அதுதான். 1911இல் வந்த அந்தக் கதையில் டாம் அந்தத் துப்பாக்கியோடு ஆப்பிரிக்காவுக்கு யானை வேட்டைக்குப் போகிறான். எந்த ஆர்வத்தை யாருக்கு ஊட்டியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. 'ஏமாற்றப்பட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. கொஞ்ச நாளாக இதே ஆட்கள்தான் என் மண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர் என்ற அமெரிக்கர் ஒரு நிறுவனம் நடத்தினார். கதைக்கு இரண்டு மூன்று பக்கச் சுருக்கம் எழுதுவார், அதை யாராவது ஓர் எழுத்தாளரிடம் கொடுப்பார். அவர் முழுப் புத்தகமாக எழுதிக் கொடுத்து, மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான்தான் எழுதினேன் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. டாம் ஸ்விஃப்ட், ஹார்டி சகோதரர்கள், நான்சி எல்லாம் இந்தப் பட்டறையில் பிறந்தவர்கள். முதல் நான்சி கதையை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர், அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. கிடைத்தது 125 டாலர், அத்தோடு சரி. முதல் முப்பது கதைகளில் இருபத்துமூன்று அவர் எழுதியவை. ஹார்டி சகோதரர்களின் ஆரம்பக் கதைகளை எழுதிய லெஸ்லி மெக்ஃபர்லேன் கனடாக்காரர். வயிற்றுப்பாட்டுக்கு எழுதினார், எழுதியதை அவரே பெரிதாக மதிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சாப்பாட்டுக் காட்சிகளையும் மந்தமான போலீஸ்காரர்களையும் பாருங்கள். வேண்டா வெறுப்பாக எழுதியவன் கை அப்படியா எழுதும்?

நானும் அந்தப் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தவன்தான். அதாவது அதுபோன்ற ஒன்றில். எழுத வந்த புதிதில் ஒரு மாத இதழுக்குத் துப்பறியும் கதைகள் எழுதினேன். அட்டையில் இருந்தது ஒரு பெண் பெயர். எனக்கு முன்னால் வேறு யாரோ அந்தப் பெயரில் எழுதியிருக்கிறார், எனக்குப் பின்னாலும் எழுதினார்கள். அந்தப் பெயருக்கு வாசகர் கடிதங்கள் வரும். பதில் எழுதுவதற்குத் தனியாக ஓர் ஆள், அவரும் அதே பெயரில் கையெழுத்துப் போடுவார். என் கதையைப் பாராட்டி வந்த கடிதத்தை அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் நான் படிக்க முடியும். பேசிய பணத்தில் பாதி இன்னும் வரவில்லை, அது வேறு கதை. கதைக்குள் அந்தப் பெண் துப்பறிவாளர் மாடியிலிருந்து குதிக்கும்போது என் கை வியர்த்திருக்கிறது, கே. பெயர் என்னுடையதில்லை என்பதற்காக நான் ஒரு வரியைக்கூட அலட்சியமாக எழுதியதில்லை. எந்த வாசகரையாவது நான் ஏமாற்றினேன் என்று நீங்கள் சொல்வதானால் சண்டைக்குத் தயார்.

மில்ட்ரெட்டின் பெயர் வெளியே தெரிய ஐம்பது வருஷம் ஆயிற்று. 1980இல் பதிப்பாளர்களுக்குள் உரிமைத் தகராறு வந்து நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டபோதுதான் உண்மை பகிரங்கமாக வெளியே வந்தது. ஸ்ட்ரேட்மேயரின் மகள் ஹேரியட் ஆடம்ஸ் அவரைப் பார்த்து, நீங்கள் இறந்துவிட்டதாக அல்லவா நினைத்தேன் என்றாராம். மில்ட்ரெட்டோ டொலிடோ நகரப் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டு, விமானம் ஓட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தார். 2002இல், தொண்ணூற்றாறு வயதில், பத்திரிகை அலுவலகத்தில் வேலையில் இருந்த அன்று உடம்புக்கு முடியாமல் போய் இறந்தார். கோடிக்கணக்கில் விற்ற வரிசை அது. துப்பறிவதில் புலி என்று நினைத்துக்கொண்டிருந்த நாம் யாராவது, இதையெல்லாம் எழுதுவது யார் என்று ஒருநாளாவது துப்பறிந்தோமா? ஏமாற்றப்பட்டவர் நீங்களா, மில்ட்ரெட்டா?

சொந்தப் பெயரில் எழுதியவர்களுக்கும் பெரிய வாழ்வு வந்துவிடவில்லை. பழைய சாமான் கிடங்குக்குள் ரகசிய அலுவலகம் வைத்திருந்த மூன்று துப்பறிவாளர்களை 1964இல் படைத்தவர் ராபர்ட் ஆர்தர். வரிசையின் தலைப்பிலேயே முதலில் நின்றது திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் பெயர். ஹிட்ச்காக் எழுதியதாக வரும் முன்னுரைகளையும் ஆர்தரே எழுதினார். அந்தக் கிடங்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், இன்னொரு நாள் பார்க்கலாம்.

1930இன் மூலப் பிரதியை 1991இல் அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். பழைய புத்தகங்கள் விற்பவர்களிடம் தேடினால் கிடைக்கும். வாங்கி நீங்கள் படியுங்கள். மகளிடம் நீட்டாதீர்கள். உங்கள் ஏக்கத்தை அவளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுப்பது அநியாயம். அடுத்த கடிதத்தில் அவள் இப்போது என்ன படிக்கிறாள் என்று எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.