மொட்டை மாடியில் ஆல்-ஸ்கை கேமரா வைத்தால் எரிகற்கள் கிடைக்குமா? டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு இரவு மட்டும் வைத்தால் போதாதா?

கேமரா வைத்தால் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு இரவை மட்டும் நம்பாதீர்கள். அப்படி நம்பி ஏமாந்தவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் போளூர் பக்கம். மேற்கே ஜவ்வாது மலை இருட்டு, தெற்கே அடிவானத்தில் திருவண்ணாமலையின் வெளிச்சம். ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி, அதற்கான எச்க்யூ கேமரா, முழு வானத்தையும் வட்டமாகக் காட்டும் மீன்கண் லென்ஸ், சிசிடிவிக்கு மேல் போடுகிற அக்ரிலிக் குமிழ், ஒரு துண்டு பிவிசி பைப். எல்லாம் சேர்ந்து எனக்கு 24,000 ரூபாய் ஆனது. மென்பொருள் இலவசம். குறைந்த செலவில் முடியும் என்று சிலர் சொல்வார்கள். முடியலாம், நான் செலவழித்ததைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 14 இரவு. அமாவாசை முடிந்து இரண்டே நாள், பிறை சீக்கிரமே மறைந்துவிட்டது. ஜெமினிட்ஸ் உச்சமும் நம் நேரப்படி அன்று நள்ளிரவை ஒட்டித்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அமைவதே அபூர்வம். 30 விநாடிக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டு, மகளோடு பாயை விரித்துப் படுத்திருந்தேன். மேகம் வந்து வந்து விலகியது. கண்ணுக்கே நாற்பதுக்கு மேல் தெரிந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று ஒரு மணிக்குக் கீழே இறங்கிவிட்டோம்.

காலையில் பார்த்தால் 12:40-க்கு மேல் எல்லாப் படமும் மோரை ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. பனி! தெளிந்த இரவில் குமிழ் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படியும். ஜெமினிட்ஸ் புறப்படுவதுபோல் தோன்றும் மிதுன ராசிப் பகுதி நமக்கு உச்சிக்கு அருகே வருவது இரவு 2 மணி வாக்கில். அந்த நேரம் முழுக்க எனக்குப் போனது. அன்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

இதற்குத் தீர்வு இருபது முப்பது ரூபாய்ப் பொருள். 330 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் பத்தை இணையாகப் பற்றவைத்து, குமிழின் அடியில் வளையமாக வைத்து 12 வோல்ட் கொடுத்தேன். 4 வாட்டுக்குச் சற்று மேல் சூடு வரும். அதற்குப் பிறகு ஒரு இரவுகூடப் பனியால் போகவில்லை.

அடுத்த சிக்கல், கோடாகத் தெரிவதெல்லாம் எரிகல் இல்லை. விட்டுவிட்டுப் புள்ளிகளாக இருந்தால் விமானம். அடுத்தடுத்த படங்களிலும் அதே பாதையில் நீண்டால் செயற்கைக்கோள். எரிகல் ஒரே படத்தில் வரும், முன்னும் பின்னும் இருக்காது. சிலர் எக்ஸ்போஷரைக் கூட்டினால் எரிகல் பளிச்சென்று விழும் என்கிறார்கள். விழாது. எரிகல் ஒரு இடத்தைக் கடப்பது கண் இமைக்கும் நேரம்தான். ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அதன் ஒளி கூடாது, பின்னணி வானம்தான் வெளுக்கும். அதனால் லென்ஸின் எஃப் எண் (குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்) எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மணிக்கு 120, 150 எரிகற்கள் என்று செய்திகளில் வருவது கும்மிருட்டில், புறப்படும் புள்ளி உச்சந்தலைக்கு மேல் இருக்கும்போது சொல்லும் கணக்கு. மீன்கண் லென்ஸில் பிரகாசமானவை மட்டுமே பதியும். எனக்கு அந்த இரவு கிடைத்தது ஆறு.

வானியல் படித்தவர்கள் வந்து, 30 விநாடிப் படம் எடுப்பது அறிவியல் ஆகாது, பல நாடுகளில் கேமரா வைத்து எரிகற்களைப் பதிவு செய்யும் குளோபல் மீட்டியார் நெட்வொர்க் மாதிரி விநாடிக்கு 25 படம் என்று வீடியோ எடுக்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஒரே எரிகல்லை இரண்டு ஊர்களிலிருந்து எடுத்தால்தான் உயரமும் பாதையும் கணக்குக்கு வரும், வேகத்துக்கு வீடியோ வேண்டும். நான் பி.காம் படித்தவன், என்னால் ஆனதைச் செய்கிறேன். அதற்காக இது வீண் வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு படங்களை வைத்து மகள் தன் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு அட்டவணை தயாரித்தாள். ஒவ்வொரு கோட்டையும் பின்னோக்கி நீட்டி, ஐந்து கோடுகள் மிதுனத்தில் போய்ச் சேருவதையும் ஒன்று சேராததையும் தானே கண்டுபிடித்திருந்தாள். நடுவர், "மாடல் எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். பரிசு கடையில் வாங்கிய எரிமலைக்குப் போனது. சேராத அந்த ஆறாவது கோட்டைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பதிலேயே நல்ல படம் எந்தப் பொழிவிலும் வந்ததில்லை. ஒரு சாதாரண பிப்ரவரி இரவு, 3:47. எல்லோரும் தூக்கம். வடகிழக்கிலிருந்து பச்சை கலந்த வெள்ளையில் ஒரு தீக்கோளம், பாதி வானம் நீளத்துக்கு. வாட்டர் டேங்கின் நிழல்கூட விழுந்திருக்கிறது. எரிநட்சத்திரத்தைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பார் எங்கள் ஆயா. அந்தப் படத்தில் கோடு முடிகிற இடத்தில் எங்கள் வேப்பமரமே நிற்கிறது. மகள் அதைப் பெரிதாக அச்சடித்து ஆயாவின் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறாள்.

அதனால் வாங்கினால் வருடம் முழுக்க, மழை நாள் போக, தினமும் ஓடவிடுங்கள். ரெசிஸ்டர் வளையத்தை முதல் நாளே மாட்டிவிடுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குமிழைப் பார்த்ததும் சிசிடிவி என்று நினைத்துக்கொள்வார்கள்.