சளிப் பரிசோதனை: மூன்று நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோய். இருமல் கூடும்போதெல்லாம் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, கொடுத்துவிட்டு மூன்று நாள், நாலு நாள் தவித்துக் கிடக்கிறோம். சில மணி நேரத்தில் கிருமியைச் சொல்லிவிடும் மரபணுப் பரிசோதனை இருக்கிறதாமே? அதைச் செய்தால் கல்ச்சர் வேண்டாம்தானே?
– ஒரு வாசகி

பதில்: அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது அம்மா. பல வருடம் ஆய்வகத்தில் இந்தக் குழந்தைகளின் சளியைப் பார்த்தவன் நான். குழாயைக் கவிழ்த்தாலும் விழாது, பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கரைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைப்போம். இந்தக் குழந்தைகளின் நுரையீரலைக் கெடுக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருந்தால் ஓரிரு நாளில் தட்டு பச்சையாகிவிடும், இன்குபேட்டரைத் திறந்ததுமே திராட்சை வாசம் அடிக்கும். அந்த வாசம் வந்தாலே எனக்கு மனசு கனத்துவிடும்.

நீங்கள் கேள்விப்பட்டது பி.சி.ஆர். பரிசோதனை. கிருமி வளரும்வரை அது காத்திருப்பதில்லை. அந்தக் கிருமிக்கே உரிய டி.என்.ஏ. துண்டைச் சளியில் தேடிப் பிடித்து, கோடிக்கணக்கில் நகலெடுத்துக் காட்டிவிடும். சூடோமோனாஸ் முதன்முதலாக நுரையீரலுக்குள் வரும் சமயத்தில் இந்த வேகம் பெரிய உதவி. அப்போதே டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நெபுலைசரில் 28 நாள் கொடுத்தால் பெரும்பாலும் விரட்டிவிடலாம். விட்டால் வழவழவென்று உறை கட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் முழுசாக அகற்றுவது ரொம்பக் கஷ்டம். பர்க்ஹோல்டேரியா என்று இன்னொரு கிருமி, சாதாரண கல்ச்சரில் சில சமயம் ஆளை ஏமாற்றிவிடும். அதை உறுதிசெய்யவும் மரபணுப் பரிசோதனைதான் நம்பகம்.

ஆனாலும் கல்ச்சரை விட்டுவிடாதீர்கள். எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க, கிருமி தட்டில் உயிரோடு வளர வேண்டும். மருந்தை எதிர்க்க சூடோமோனாஸுக்குப் பல வழிகள் உண்டு. மரபணுவை மட்டும் வைத்து அத்தனையையும் சொல்லிவிட முடியாது. செத்துப்போன கிருமியின் டி.என்.ஏ.கூட பி.சி.ஆரில் பாசிட்டிவ் காட்டும். அதனால் சிகிச்சை முடிந்த கையோடு பாசிட்டிவ் வந்தால் பதறாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மகளுக்குச் சளியைத் துப்ப வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வராவிட்டால், உப்பு அதிகமுள்ள நீரை நெபுலைசரில் கொடுத்துச் சளியை வரவழைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிசியோதெரபி முடிந்ததும் எடுத்தாலும் நல்லது. குப்பியில் வெறும் எச்சில் வந்தால் எந்தப் பரிசோதனையாலும் சரியாகச் சொல்ல முடியாது.