கடைப் பெயருக்குத் தூரிகை எழுத்துரு பொருந்துமா?

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் வாசகி ஒருவர், பெயர்ப்பலகை, பெட்டி லேபிள், விலைப்பட்டியல் ஆகிய மூன்றையும் தூரிகையால் எழுதியது போன்ற ஒரே ஆங்கில எழுத்துருவில் அமைக்கலாமா என்றும், தமிழ்ப் பெயரை அதனுடன் எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

கடையின் பெயருக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். 1942இல் ராபர்ட் இ. ஸ்மித் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட், 1953இல் பிரான்சின் ரோஜர் எக்ஸ்காஃபோன் உருவாக்கிய மிஸ்ட்ரால் போன்றவை, ஓரிரு சொற்களைப் பெரிதாகக் காட்டும்போதுதான் தங்கள் அழகை வெளிப்படுத்துகின்றன. சேர்பொருள்களையும் காலாவதி தேதியையும் தெளிவாகப் படிக்கும்படி அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி என்பதால், அவற்றையும் விலைப்பட்டியலையும் எளிய, நேரான எழுத்துருவில் அமையுங்கள்.

இவ்வகை எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் (a, b, c) ஒன்றையொன்று தொட்டுச் செல்லும்படி வரையப்பட்டிருப்பதால், முழுப்பெயரையும் பெரிய எழுத்துகளில் (A, B, C) அடித்தாலோ எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினாலோ அந்த ஓட்டம் அறுந்துவிடும். பெயரில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால், ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்கள் உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் கையால் எழுதிய உணர்வு கெட்டுவிடும்.

பலரும் கவனிக்கத் தவறுவது தயாரிப்பு முறையை. ஸ்டிக்கர் கட்டிங் கடையில் இயந்திரம் எழுத்தின் வெளிக்கோட்டைப் பின்பற்றியே வெட்டுவதால், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும் கத்தி ஓடி, பெயர் துண்டு துண்டாகிவிடும். ஆகவே எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, அவற்றை ஒன்றாக இணைத்த பிறகே கோப்பைக் கொடுங்கள். காய்ந்த தூரிகையின் சிராய்ப்புகள் கொண்ட எழுத்துருக்கள் காகிதத்தில் மிக அழகாக இருக்கும். ஸ்டிக்கரிலோ ரப்பர் முத்திரையிலோ அந்தச் சிறு புள்ளிகள் உதிரும் அல்லது அடைபடும்.

தமிழ் எழுத்துகள் அச்சில் தனித்தனியே நிற்பவை. ஆங்கிலத்தைப் போல அவற்றை வலிந்து இணைக்க வேண்டாம். கோட்டின் தடிப்பும் சாய்வும் ஒத்திருந்தால் இரண்டும் ஒரே கை எழுதியவையாகத் தோன்றும். ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் அடைபடாமலும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமலும், ரகரம் துணைக்காலாகத் தெரியாமலும் இருக்கின்றனவா என்பதை லேபிளின் உண்மையான அளவில் அச்சிட்டுப் பாருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கவிவாணர், தமிழும் லத்தீனும் கொண்ட சாய்ந்த கையெழுத்துப் பாணி எழுத்துரு. தொடக்கத்துக்கு அது உதவும். என் விருப்பம் வேறு: சுவரெழுத்துக் கலைஞர் ஒருவரைக் கொண்டு தமிழ்ப் பெயரை எழுதச் செய்து, அதை ஸ்கேன் செய்து கணினியில் கோட்டுருவாக (வெக்டர் வடிவமாக) மாற்றிக்கொள்ளுங்கள். தூரிகையின் இயல்பான அழுத்தம் எந்த எழுத்துருவையும்விட அதில் நன்றாக அமையும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் பல சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை என்பதால், பலகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வணிக உரிமத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.