புதிய ஹார்ட்கோர் பேண்டை வைத்து மாணவர் ப்ராஜெக்ட்: இரண்டு நாள் ஸ்டூடியோவை எதற்குச் செலவழிப்பது?

கேள்வி: ஆடியோ ப்ரொடக்‌ஷன் படிப்பில் இறுதி ஆண்டில் இருக்கிறேன். பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு பேண்டைப் பதிவு செய்து, மிக்ஸ் செய்து, அறிக்கையோடு கொடுக்க வேண்டும். என் நண்பர்கள் நான்கு பேர் புதிதாக ஒரு ஹார்ட்கோர் (பங்க் ராக்கின் வேகமான, கத்திப் பாடும் வகை) பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆறு பாட்டு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் இன்னும் ஒரு மேடைகூட ஏறவில்லை. கல்லூரி ஸ்டூடியோ எனக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும். க்ளிக் (ஹெட்போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம்) வைத்து எடுப்பதா, எல்லோரையும் சேர்ந்து வாசிக்க வைத்து எடுப்பதா? எங்கிருந்து திட்டமிடுவது?

பதில்: முதலில் ஆறு பாட்டை மூன்றாகக் குறையுங்கள். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம்தானே, ஆறும் சேர்ந்தாலே பத்து நிமிடம் வராதே என்று பேண்டில் யாராவது சொல்வார்கள். அமெரிக்க ஹார்ட்கோர் பேண்டான மைனர் த்ரெட் 1981-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் எட்டுப் பாட்டு, மொத்தமே பத்து நிமிடத்துக்குள் என்ற உதாரணமும் வரும். உண்மைதான். டான் ஸியன்டாரா தன் வீட்டில் நடத்திய இன்னர் இயர் ஸ்டூடியோவில் பதிவானது அது. ஆனால் அங்கே போவதற்கு முன்பே அவர்கள் மேடைகளில் வாசித்துப் பழகியிருந்தார்கள். உங்கள் நண்பர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. புதிய பேண்ட் “ஆறு பாட்டு இருக்கிறது” என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு முடிந்திருக்கும், இரண்டில் பாதி வரிகள் இருக்கும், மிச்சம் இரண்டும் வெறும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு).

பாட்டு சின்னது என்பதால் வேலை சின்னதாகிவிடாது. ஒன்றரை நிமிடத்துக்குள் ஃபீட்பேக், வேகமான பகுதி, திடீர் நிறுத்தம், பாதி வேகத்துக்கு இறங்கும் பிரேக்டவுன் எல்லாம் வந்துவிடும். மிக்ஸ் செய்யும்போது இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக உங்கள் நேரத்தைக் கேட்கும்.

பன்னிரண்டு வாரத்தில் முதல் நான்கை ரிகர்சல் அறைக்கே கொடுத்துவிடுங்கள். புதிய பேண்டோடு செய்யும் ப்ராஜெக்ட் தேறுவதும் கவிழ்வதும் அங்கேதான். ஒவ்வொரு ரிகர்சலுக்கும் போய், மொபைலை அறையின் மூலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அன்றிரவே கேளுங்கள். ஒரே பாட்டு ஒரு நாள் 190 பிபிஎம்மிலும் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) அடுத்த வாரம் 205-இலும் போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாளில் வரைபடம் போடுங்கள்: இன்ட்ரோ எத்தனை பார் (தாளச் சுற்று), வெர்ஸ் எத்தனை, பிரேக்டவுன் எத்தனை முறை திரும்புகிறது. அந்தத் தாளை நால்வருக்கும் காட்டினால் “இல்லையே, அது மூன்று முறைதான்” என்று ஒரு சண்டை வரும். அது ஸ்டூடியோவில் வராமல் இங்கே வந்தது நல்லது.

இன்னொன்று. அறையில் எல்லாமே முழுச் சத்தத்தில் ஓடும்போது பாஸும் கிட்டாரும் ஒரே சுரத்தை வாசிக்கிறார்களா என்று யாருக்கும் கேட்காது. ஒரு ரிகர்சலில் டிஸ்டார்ஷனை (கிட்டாரின் கரகரப்பை) அணைத்துவிட்டு, டிரம்ஸ் இல்லாமல், அந்த இருவரை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். புதிய பேண்டுகளில் குறைந்தது ஒரு ரிஃப்பிலாவது இருவரும் வேறு வேறு இடத்தில் விரல் வைத்திருப்பார்கள். பாடுபவரிடம் வரிகளை எழுதி வாங்குங்கள். “அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்பவரிடம் கண்டிப்பாக எழுதி வாங்குங்கள்.

காதுக்கு அடைப்பான் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறையில் ஒரு ஹார்ட்கோர் டிரம்மர் 100-ஐச் சுலபமாகத் தாண்டுவார். மிக்ஸ் செய்யப்போவது அதே காதுகள்தான்.

இனி க்ளிக் கேள்வி. இதற்கு விடை டிரம்மரிடம் இருக்கிறது. இரண்டாவது வாரமே ஹெட்போனில் க்ளிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நான்காவது வாரமும் அவர் உடம்பு இறுகி, அடி பலவீனமாகி, க்ளிக்கைத் துரத்திக்கொண்டே இருந்தால் க்ளிக்கை விட்டுவிடுங்கள். பாட்டு முழுக்க ஒரே வேகத்தில் க்ளிக் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த இசையில் வேகமான பகுதி கொஞ்சம் முன்னால் பாய வேண்டும், பிரேக்டவுன் கனமாக இறங்க வேண்டும். ஒரே எண்ணில் கட்டிப்போட்டால் இரண்டும் செத்துவிடும். டிரம்மருக்கு க்ளிக் ஒத்துவந்தால், ரிகர்சல் பதிவுகளில் நன்றாக வந்த ஒன்றை எடுத்து, பகுதிக்குப் பகுதி அதன் வேகத்தை அளந்து, க்ளிக்கும் அதேபோல் மாறும்படி டெம்போ மேப் செய்யுங்கள். க்ளிக் இல்லாமல் எடுத்தால் எடிட்டிங் கடினம் என்பது சரிதான். ஆனால் ஹார்ட்கோர் பாட்டுகளில் எல்லோரும் ஒன்றாக நிற்கும் இடங்கள் நிறைய உண்டு. முதல் டேக்கின் (ஒரு முறை வாசித்த பதிவின்) முன்பாதியையும் நான்காவது டேக்கின் பின்பாதியையும் அந்த நிறுத்தத்தில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது.

உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் நான் இப்படித்தான் செய்வேன்: டிரம்ஸ், பாஸ், ஒரு கிட்டார் மூன்றையும் ஒன்றாக வாசிக்க வைப்பேன். ஆம்ப்கள் பக்கத்து அறையில் அல்லது தடுப்புக்குப் பின்னால் இருக்கும். பாடுபவர் கன்ட்ரோல் ரூமில் நின்று வழிகாட்டுக் குரல் கொடுப்பார். டிரம்ஸை வைத்துக்கொண்டு, பாஸ் நன்றாக இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு, கிட்டாரைப் புதிதாக எடுப்பேன். முகம் பார்த்து வாசிக்கும்போது கிடைக்கும் வேகம் டிரம்ஸில் தங்கிவிடும். மற்றதைத் திருத்திக்கொள்ளலாம்.

ஸ்டூடியோவின் இரண்டு நாளும் யாருக்கு வேண்டும் என்று யோசித்தால் பதில் டிரம்ஸ்தான். நல்ல அறையும் நிறைய மைக்கும் தேவைப்படுவது அதற்கு மட்டும். கிட்டாரை டிஐயாக (ஆம்ப் இல்லாமல் கேபிளில் நேராக) எடுத்து வைத்தால் பின்னால் எங்கே வேண்டுமானாலும் ஆம்ப் வழியாக விடலாம். குரலை எதிரொலி இல்லாத எந்த அறையிலும் ஒரு டைனமிக் மைக்கில் எடுக்கலாம். அதனால் முதல் நாள் முழுக்க டிரம்ஸ். பாதி நாள் மைக் வைப்பதிலேயே போகும், பரவாயில்லை. இரண்டாம் நாள் காலையில் முந்தைய நாள் டேக்குகளைக் கேட்டு, குறை இருந்தால் மைக்கை அசைக்காமல் அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுங்கள். மதியத்துக்கு மேல் கிட்டார்.

டிரம்ஸில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். முந்தைய நாளே புதுத் தோல் மாட்டி ட்யூன் செய்யச் சொல்லுங்கள். மேடை ஆசையில் எல்லா டிரம்மர்களும் சிம்பலை ஓங்கி அடிப்பார்கள். அது எல்லா மைக்கிலும் ஏறிவிடும், மிக்ஸில் எடுக்கவே முடியாது. “ஸ்னேரை இன்னும் பலமா, சிம்பலை இன்னும் மெதுவா” என்று ரிகர்சலிலிருந்தே சொல்லிக்கொண்டு இருங்கள். இதைவிடப் பெரிய வித்தியாசத்தை எந்த விலையுயர்ந்த மைக்கும் தராது. டிரம்ஸுக்கு மேலே வைக்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு கேபிளை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். ஸ்னேருக்குக் கீழே மைக் வைத்தால் அதன் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழை) திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் கிக், ஸ்னேர், டாம் ஒவ்வொன்றையும் தனியாகப் பல முறை அடிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். வேகமான இடத்தில் கிக் அமுங்கிப்போனால் அதே டிரம்மின் அடியை வைத்து முட்டுக்கொடுக்கலாம். யாரோ ஒருவருடைய சாம்பிளைத் தேடி அலைய வேண்டாம். 24 பிட்டில் பதியுங்கள், உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். டிரம்மருக்கு உற்சாகம் வந்ததும் சத்தம் கூடும், அதற்கு இடம் வேண்டும்.

கிட்டாரில் கெய்னை (ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் அளவை) ரிகர்சலில் வைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். கிட்டாரிஸ்ட் முகம் சுளிப்பார். ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசிக்க வைத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்துக் காட்டுங்கள், சமாதானம் ஆகிவிடுவார். தாழ்ந்த ட்யூனிங் என்றால் தடித்த தந்தியும், ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ட்யூனரும் கட்டாயம். பாஸை டிஐயும் ஆம்பும் சேர்த்து எடுங்கள்: அடிப்பகுதியைச் சுத்தமாக டிஐயிலிருந்தும், மேல்பகுதியின் உறுமலை ஆம்பிலிருந்தும் எடுத்தால் கிட்டாருக்கு நடுவே பாஸ் தொலையாது.

கத்திப் பாடும் குரல் ஒரு நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று பாட்டையும் ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பாட்டு என்று ஏழாவது, எட்டாவது வாரத்தில் பிரித்து வையுங்கள். மைக்கைக் கையில் பிடித்துப் பாடியே பழகியவர் என்றால் எஸ்எம்58 போன்ற மேடை மைக் ஒன்றைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஸ்டாண்டுக்கு முன்னால் நிற்க வைத்தால் பாதிப் பேர் சுருங்கிவிடுவார்கள். கேங் வோகலுக்கு (பலர் சேர்ந்து கத்தும் இடங்களுக்கு) நண்பர்களை வரவழைத்து, மைக்கைச் சுற்றி நிறுத்தி, நான்கைந்து டேக் எடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் ஆட்களை இடம் மாற்றினால் ஆறு பேர் கூட்டமாகக் கேட்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் பேண்டோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு: எந்தச் சத்தம்? ஆரம்ப எண்பதுகளின் பேட் ப்ரெயின்ஸ், ப்ளாக் ஃப்ளாக் போலக் கரடுமுரடாகவா, அல்லது கன்வெர்ஜ் போல அடர்த்தியாகவா? நால்வரும் “ஹார்ட்கோர்” என்றே சொல்வார்கள், நால்வர் மனதிலும் வேறு வேறு பதிவு இருக்கும். ஆளுக்கு இரண்டு பாட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒன்றாகக் கேட்டு, மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மைக் வைப்பதிலிருந்து மிக்ஸ் வரை எல்லா முடிவுக்கும் அந்த மூன்றே அளவுகோல். உங்கள் அறிக்கையிலும் இதுதான் கை கொடுக்கும். “ஏன் அறை மைக்கைத் தூரமாக வைத்தாய்” என்று மதிப்பிடுபவர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொரு முடிவையும் அன்றன்றே நாலு வரியில் எழுதி வையுங்கள். கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதிய அறிக்கையைப் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

புதிய பேண்டுகள் உடையும். இதை அவர்களிடம் சொல்ல வேண்டாம், திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸை ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்குள் முடித்துவிட்டால் பிறகு பாஸ் வாசிப்பவர் விலகினாலும் வேறொருவர் அந்த இடத்தை நிரப்பலாம். டிரம்ஸ் ஒன்பதாவது வாரத்துக்குத் தள்ளிப்போனால் தப்பிக்க வழியே இல்லை. ரிகர்சல் அறையில் ஒரு நாள் நாலு மைக் வைத்து மூன்று பாட்டையும் நேரடியாக எடுத்து வையுங்கள். எல்லாம் கவிழ்ந்தாலும் சமர்ப்பிக்க ஒன்று இருக்கும். ஃபைல்கள் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு இடத்தில்.

நண்பர்கள்தானே என்று விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு. சில கல்லூரிகள் மாணவர் வேலைக்கே உரிமை கோரும், விதிகளை முதலில் படியுங்கள். பதிவை மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த அனுமதி, பேண்ட் அதை வெளியிடலாமா, யார் பெயர் எங்கே வரும், இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். மற்றவர் பாட்டைப் பாடி வெளியிட நினைத்தால் தனி உரிமம் வேண்டும், அதனால் சொந்தப் பாட்டுகளையே எடுங்கள்.

மிக்ஸுக்கு ஒன்பது, பத்து, பதினொன்று வாரங்கள். கருத்துச் சொல்ல பேண்டிலிருந்து ஒரே ஒருவர், இரண்டே சுற்று என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் நால்வரும் நான்கு இரவில் நான்கு செய்தி அனுப்புவார்கள், ஒவ்வொருவரும் தன் கருவியைக் கூட்டச் சொல்லி. முதல் சுற்றை பத்தாவது வாரத் தொடக்கத்தில் அனுப்பிவிட்டு, அவர்கள் பதில் வரும்வரை அறிக்கையை எழுதத் தொடங்குங்கள்.