சிறு கிளினிக்கில் காணொளி ஆலோசனை

கேள்வி: திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்க்கிறேன். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் மருந்து எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பழக்கம் இன்னும் நிற்கவில்லை. இரவு பத்து மணிக்கும் மருந்துச் சீட்டுப் படங்கள் வருகின்றன. இதை முறைப்படுத்துவது எப்படி? யாரிடமிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்களை ஏற்கெனவே நேரில் பார்த்துவிட்ட நோயாளிகளிடமிருந்து மட்டும் தொடங்குங்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: அதே நோய்க்காக அதே மருத்துவரை நேரில் சந்தித்து ஆறு மாதம் கடக்காதவரையே தொடர் ஆலோசனைக்கு உரியவராகக் கருத முடியும். அத்தகையவருக்குப் பழைய மருந்தைத் தொடர்ந்து எழுதலாம். இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ கூடுதலாக ஒரு மருந்து சேர்க்கவும் இடமுண்டு. புதியவர் என்றால் பல மருந்துகளைக் காணொளியில் முகம் பார்த்த பிறகே எழுத முடியும். போதைப் பொருள் சட்டத்திற்கு உட்பட்டவற்றையும், கடும் கட்டுப்பாட்டுடன் விற்கப்படும் எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் எழுதவே கூடாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கால் வீக்கம் என்று அழைத்த மூதாட்டி ஒருவர், காணொளியிலும் பழக்கத்தால் பேசியைக் காதோடு வைத்துக்கொண்டதால், எனக்குத் திரையில் தெரிந்தது அவருடைய தோடு மட்டுமே. பேரனிடம் பேசியைக் கொடுக்கச் சொல்லி, வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கேமரா முன் காட்டச் செய்தேன். வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் இரண்டு அட்டைகள் இருந்தன. இரண்டிலும் இருந்தது அம்லோடிபின் என்ற ஒரே இரத்த அழுத்த மருந்து. இரு கடைகளில் வாங்கியதை அவர் இரண்டு மருந்துகள் என்று நினைத்துக் காலையும் மாலையும் விழுங்கி வந்திருக்கிறார். அம்லோடிபின் கணுக்காலை வீங்கச் செய்யும் என்பது நமக்குத் தெரிந்ததே. கிளினிக்கிற்கு அவர் வந்திருந்தால் அந்த அட்டைகளைக் கொண்டு வந்திருக்கமாட்டார். ஆயினும் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமலும் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்காமலும் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே நேரில் வரச் சொன்னேன். காணொளி எதுவரை உதவும், எங்கே நின்றுவிடும் என்பதை அந்த ஓர் அழைப்பிலேயே கற்றுக்கொண்டேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் வீட்டிற்கு வந்து பார்த்த இரத்த அழுத்த அளவு இருந்தால், அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல் என்று யாராவது சொன்னால், முதலுதவி சொல்லி 108-ஐ அழைக்கச் செய்வதோடு ஆலோசனையை நிறுத்திவிட வேண்டும்.

நோயாளியே அழைத்தால் சம்மதம் தந்ததாகக் கொள்ளப்படும். நீங்கள் அழைத்தால் அதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்கட்டும். நேரில் வாங்கும் கட்டணத்தையே வாங்கலாம், ரசீதும் கொடுங்கள்.

இரவுப் படங்களைப் பொறுத்தவரை, கிளினிக் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு, பிற்பகல் இரண்டு முதல் மூன்றரை வரை காணொளி நேரம் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். அழைப்பவரின் பெயர், வயது, கடைசியாக வந்த தேதி ஆகியவற்றை உங்கள் செவிலியர் முன்கூட்டியே கேட்டு, பழைய நோட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டால், உங்கள் சொந்த எண்ணுக்குப் படம் அனுப்பும் வழக்கம் மெல்லக் குறைந்துவிடும்.